ஓடுகிற குதிரையின் இதயத்தை எப்படிப் பரிசோதிக்கிறார்கள்?

2011 நவம்பர் 6, இத்தாலியின் வெரோனா நகரம். உலகக் கோப்பைத் தொடருக்கான தடை தாண்டும் போட்டியில் கனடா வீரர் எரிக் லமாஸ் தன் சுற்றை முடித்தார். அவர் ஏறியிருந்த குதிரை ஹிக்ஸ்டெட், வயது 15. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அவருக்குத் தனிநபர் தங்கம் வாங்கித் தந்த அதே குதிரை. களத்தை விட்டு வெளியே போகும் முன்பே அது சரிந்து விழுந்து இறந்தது. லமாஸ் பெரிய காயமில்லாமல் தப்பினார். மற்ற வீரர்கள் கேட்டுக்கொண்டதால் போட்டி அத்துடன் நிறுத்தப்பட்டது. உடற்கூறாய்வில் தெரிந்த காரணம், இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனி கிழிந்துபோனது.

மூன்று ஆண்டு கழித்து, 2014 நவம்பரில் மெல்போர்ன் கோப்பை. ஜெயிக்கும் என்று அதிகம் பேர் பணம் கட்டியிருந்த ஜப்பானியக் குதிரை அட்மையர் ராக்தி கடைசியாக வந்தது. லாயத்துக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்தில் விழுந்து இறந்தது. இதயத் துடிப்பு தாறுமாறாகி, ரத்தத்தை வெளியேற்ற முடியாமல் இதயம் நின்றுபோனதே காரணம் என்று பின்னர் அறிவிக்கப்பட்டது.

இரண்டுமே கோடிகள் பெறுமானமுள்ள, தினமும் கால்நடை மருத்துவர் பார்வையில் இருந்த குதிரைகள். இதை முன்பே கண்டுபிடித்திருக்க முடியாதா என்று உங்களுக்குத் தோன்றும். இந்தக் கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளமானது. ஏனென்றால் குதிரையின் இதய விஷயத்தில் காதுக்குப் பயமாகக் கேட்பவை பெரும்பாலும் சாதாரணமானவை. உண்மையிலேயே ஆபத்தானவையோ, குதிரை சும்மா நிற்கும்போது சத்தமே காட்டாமல் இருக்கக்கூடும்.

முதலில் அந்த இதயம் எப்படிப்பட்டது?

500 கிலோ எடையுள்ள ஒரு பந்தயக் குதிரைக்கு இதயம் மட்டும் 4 முதல் 5 கிலோ இருக்கும். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 40 முறைதான் துடிக்கும். உங்களுடையது 60க்கும் 100க்கும் நடுவில். அதே குதிரை முழு வேகத்தில் பாயும்போது துடிப்பு 220ஐத் தாண்டும், சிலவற்றுக்கு 240 வரை போகும். அதாவது ஏழு, எட்டு மடங்கு. நன்றாகப் பயிற்சி எடுத்த ஒரு மனிதரால்கூட ஓய்விலிருந்து நான்கு, ஐந்து மடங்குதான் ஏற்ற முடியும்.

ஒரு துடிப்புக்குச் சுமார் 1 லிட்டர் ரத்தம் வெளியே போகிறது என்று வைத்துக்கொண்டால், 220 துடிப்பில் நிமிடத்துக்கு 220 லிட்டர். ஒரு பெரிய தண்ணீர் டிரம்மை ஒரே நிமிடத்தில் காலி செய்கிற வேகம் இது. இதோடு மண்ணீரலின் வேலையும் சேர்கிறது. குதிரை தன் மண்ணீரலில் சிவப்பணுக்களைச் சேமித்து வைத்திருக்கும். ஓடத் தொடங்கியதும் மண்ணீரல் சுருங்கி அவற்றை ரத்தத்தில் கொட்டும். ஓய்வில் ரத்தத்தில் 35 முதல் 40 சதவீதமாக இருக்கும் சிவப்பணுக்களின் அளவு 60 சதவீதத்தைத் தாண்டிவிடும். மனிதர்கள் ஊக்கமருந்து போட்டுத் திருட்டுத்தனமாகச் செய்ய முயல்வதைக் குதிரை இயற்கையாகவே செய்கிறது. ஆனால் ரத்தம் கெட்டியாகிறது, அந்தக் கெட்டி ரத்தத்தைத்தான் இதயம் அந்த வேகத்தில் தள்ளியாக வேண்டும்.

240 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்குக் கால் நொடி. அந்தக் கால் நொடிக்குள் இதயம் நிரம்பவும் வேண்டும், காலியாகவும் வேண்டும். லாயத்தில் நிற்கும்போது அதற்கு இரண்டு நொடி கிடைக்கிறது. சின்னக் கோளாறு எதுவானாலும் இரண்டு நொடியில் மறைந்துகொள்ளும், கால் நொடியில் மறைய இடமில்லை. பரிசோதனையின் முழுச் சிக்கலும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

ஸ்டெதஸ்கோப்பில் என்ன கேட்கும்?

பரிசோதனை இன்றும் ஸ்டெதஸ்கோப்பில்தான் தொடங்குகிறது. இடது முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னால், தசைக்கு அடியில் நன்றாக முன்னோக்கித் தள்ளி வைத்துக் கேட்கணும். பிறகு வலது பக்கமும் கேட்க வேண்டும். இதய அறைகளுக்கு நடுவே பிறவியிலேயே ஓட்டை இருந்தால் அதன் சத்தம் பெரும்பாலும் வலது பக்கம்தான் பலமாகக் கேட்கும். அவசரத்தில் இடதை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர் அதைத் தவறவிடுவார்.

மனிதருக்கு 'லப்-டப்' என்று இரண்டு ஒலி. குதிரையின் இதயம் பெரியது, மெதுவானது என்பதால் நான்கு ஒலிகள் வரை கேட்கலாம். மனிதரிடம் இந்தக் கூடுதல் ஒலிகள் கேட்டால் இதய மருத்துவர் நிமிர்ந்து உட்காருவார். குதிரையில் அவை இயல்பு.

அடுத்தது, துடிப்பு விட்டுப்போவது. மூன்று நான்கு துடிப்புக்கு ஒருமுறை இதயம் ஒரு துடிப்பை அப்படியே தவறவிடும். முதல்முறை கேட்கிறவருக்குப் பகீரென்று இருக்கும். ஆனால் நன்றாகப் பயிற்சி பெற்ற குதிரைகளில் இது சகஜம். ஓய்வில் ரத்த அழுத்தத்தைச் சரிக்கட்ட வேகஸ் நரம்பு இதயத்துக்கு பிரேக் போடுகிறது, அவ்வளவுதான். சரிபார்க்கும் வழியும் எளிது. குதிரையைக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி கேளுங்கள். இடைவெளி மறைந்துவிட்டால் கவலையில்லை. ஓடியபிறகும் தொடர்ந்தால்தான் அடுத்த கட்டப் பரிசோதனை.

மூன்றாவது, முணுமுணுப்பு ஒலி. ரத்தம் சுழன்றோ, சரியாக மூடாத வால்வு வழியே பின்னோக்கிக் கசிந்தோ எழுப்பும் 'உஸ்' சத்தம். இதை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். விளையாட்டுக் குதிரைகளில் இது மிகமிகப் பொதுவானது. பயிற்சி கூடக்கூட இதயம் பெரிதாகும், வால்வில் லேசான கசிவும் கூடும். அது நோய் இல்லை, தகவமைப்பு. அதனால் ஒலி இருக்கிறதா என்பதைவிட, எந்த வால்வு, துடிப்பின் எந்தக் கட்டத்தில், எவ்வளவு பலமாக என்பவைதான் முக்கியமான கேள்விகள். வயதான குதிரைகளில் மகாதமனி வால்வு கசிவது வழக்கம். லேசானது என்றால் ஆண்டுக்கணக்கில் தொந்தரவு தராது. கசிவு அதிகமானால் தாடைக்கு அடியில் நாடி பிடிக்கும்போதே தெரியும், விரலைத் தூக்கி அடிப்பதுபோல் துள்ளும்.

உங்கள் வாட்சில் வரும் அதே நோய்

உங்கள் கையில் ஸ்மார்ட்வாட்ச் இருந்தால் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருப்பது. குதிரைகளின் விளையாட்டுத் திறனைக் கெடுக்கும் துடிப்புக் கோளாறுகளில் முதலிடம் இதற்குத்தான். ஆனால் மனிதருக்கு வரும் கதை வேறு, குதிரைக்கு வரும் கதை வேறு.

மனிதருக்கு இது பெரும்பாலும் வயது, ரத்த அழுத்தம், ஏற்கெனவே இருக்கும் இதய நோய் இவற்றோடு சேர்ந்து வரும். பக்கவாத ஆபத்து இருப்பதால் ரத்தத்தை இளக்கும் மருந்து தருவார்கள். குதிரைக்கோ வேறு எந்த இதய நோயும் இல்லாமலே வரலாம். அதன் மேலறைகள் பெரியவை, வேகஸ் நரம்பின் பிடி வலுவானது. இந்த இரண்டுமே போதும். சொல்லப்போனால், நல்ல ஓட்டக்காரனாக இருப்பதற்கான உடலமைப்பே இந்தக் கோளாறுக்கும் வழிவிடுகிறது. பக்கவாதம் குதிரையில் பெரிய கவலையாக இருப்பதில்லை.

லாயத்தில் நிற்கும் குதிரையிடம் ஒன்றுமே தெரியாது. தின்னும், நடக்கும், மெதுவான ஓட்டமும் ஓடும். ஓய்வில் கீழறைகள் நிரம்ப மேலறைகளின் உதவி அவ்வளவாகத் தேவையில்லை, நேரம் நிறைய இருக்கிறது. கால் நொடிக் கணக்குக்கு வரும்போதுதான் மேலறையின் அந்தக் கடைசித் தள்ளு இல்லாதது உறைக்கும். பாதிப் பந்தயம் வரை முன்னணியில் இருந்த குதிரை திடீரென்று சுவரில் மோதியதுபோல் பின்தங்கும். பார்வையாளர் ஜாக்கியைத் திட்டுவார். பயிற்சியாளர் காலில் வலி என்று நினைப்பார்.

ஸ்டெதஸ்கோப்பில் இதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. முன்பு சொன்ன 'விட்டுப்போகும் துடிப்பு' ஒரு தாளத்தோடு வரும், அடுத்த இடைவெளி எப்போது என்று ஊகிக்கலாம். இதில் தாளமே இருக்காது. இசிஜி எடுத்தால் உறுதியாகிவிடும். கைபேசியோடு இணையும் அலைவ்கோர் போன்ற சின்னக் கருவிகளை குதிரை மார்பில் வைத்தும் இப்போது மருத்துவர்கள் பார்க்கிறார்கள். நிற்கிற குதிரைக்கு அது கைகொடுக்கும்.

சில குதிரைகளில் பந்தயத்தின்போது வந்து, ஓரிரு நாளில் தானே சரியாகிவிடும். மறுநாள் மருத்துவர் வரும்போது எல்லாம் சுத்தமாக இருக்கும். அதனால்தான் காரணமில்லாமல் பின்தங்கிய குதிரையை உடனே, பந்தய மைதானத்திலேயே கேட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். தானாகச் சரியாகாவிட்டால் இரண்டு வழி. ஒன்று, குயினிடின் என்ற பழைய மருந்தை மூக்கு வழியே குழாய் விட்டு வயிற்றுக்குள் செலுத்துவது. வேலை செய்யும், ஆனால் பக்கவிளைவுகள் உண்டு, பக்கத்திலேயே இருந்து கண்காணிக்கணும். இன்னொன்று, கழுத்துச் சிரை வழியே மின்முனைக் குழாய்களை இதயம் வரை செலுத்தி, குதிரையை மயக்கத்தில் படுக்கவைத்து, துடிப்போடு ஒத்திசைத்து மின் அதிர்ச்சி கொடுப்பது. வேறு இதய நோய் இல்லாத, சீக்கிரம் கண்டுபிடிக்கப்பட்ட குதிரைகள் பெரும்பாலும் பழைய ஓட்டத்துக்குத் திரும்பிவிடுகின்றன. மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்டவற்றுக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம்.

ஸ்கேன் எதைக் காட்டும், எதைக் காட்டாது?

முணுமுணுப்பு பலமாக இருந்தால் அடுத்தது எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட். வால்வு எப்படி மூடுகிறது, கசிவு எவ்வளவு, அறைகள் வீங்கியிருக்கின்றனவா என்பதை நேரடியாகப் பார்க்கலாம். குதிரையின் மார்பில் 30 செ.மீ. ஆழம் வரை ஒலி அலை போய்த் திரும்பணும், அதனால் அதற்கேற்ற ப்ரோப் வேணும். வளர்ந்த குதிரையின் மார்பு சிடி, எம்ஆர்ஐ இயந்திரங்களுக்குள் நுழையாது. மனிதருக்கு உள்ள அந்த வசதி இங்கே கிடையாது. இதயத் தசை சேதமடைந்ததா என்று அறிய ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை இருக்கிறது. மாரடைப்பு சந்தேகத்தில் நமக்கு எடுப்பதும் இதே புரதத்தைத்தான்.

இவை எல்லாமே நிற்கும் குதிரையில் எடுப்பவை. திடீர் மரணத்தோடு அதிகம் தொடர்புள்ள கீழறைத் துடிப்புக் கோளாறுகளைப் பிடிக்க ஓடும்போதே இசிஜி எடுக்க வேண்டும். சேணப் பட்டைக்கு அடியில் மின்முனைகளை ஒட்டி, குதிரையை அது வழக்கமாகச் செய்யும் வேலையையே செய்யவைத்து, முழு வேகத்திலும் பிறகு மூச்சு வாங்கும் நேரத்திலும் பதிவு செய்கிறார்கள். தடை தாண்டும் குதிரை என்றால் தாண்டணும், பந்தயக் குதிரை என்றால் பாயணும். மெதுவாக ஓடவிட்டு எடுத்த பதிவால் பெரிய பயனில்லை. இதயத் துடிப்பை எண்ணிச் சொல்லும் சாதாரண பெல்ட்டும் போதாது. அது எண்ணிக்கையைத்தான் சொல்லும், அலையின் வடிவத்தைக் காட்டாது.

பதிவு கிடைத்துவிட்டாலும் வேலை முடிந்துவிடாது. 500 கிலோ உடம்பு குலுங்கும்போது வரைபடத்திலும் குலுக்கல் வரும், எது துடிப்பு எது குலுக்கல் என்று பிரிக்கணும். தவிர, ஓட்டம் முடிந்து வேகம் குறையும் அந்தச் சில நிமிடங்களில் ஆரோக்கியமான குதிரைகளிலும் தப்பித் துடிப்புகள் எட்டிப் பார்க்கும். எந்த எண்ணிக்கைக்கு மேல் போனால் நோய் என்பதில் நிபுணர்களிடையே இன்னும் விவாதம் இருக்கிறது.

அப்படின்னா எல்லாக் குதிரைக்கும் எடுத்துவிடலாமே?

தரவுகளோடு பழகுகிறவர்களுக்கு இங்கே ஒரு பழைய பொறி கண்ணில் படும். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். 10,000 குதிரைகள். அவற்றில் 5 குதிரைகளுக்கு மட்டும் உயிரைப் பறிக்கும் கோளாறு. நம் பரிசோதனை நோயுள்ளவற்றில் 90 சதவீதத்தைச் சரியாகப் பிடிக்கும், நலமாக உள்ளவற்றில் 10 சதவீதத்தைத் தவறாகச் சந்தேகிக்கும். கேட்க நல்ல பரிசோதனைபோல்தான் இருக்கிறது. ஆனால் முடிவில் சந்தேகப் பட்டியலில் 1,000க்கும் மேற்பட்ட குதிரைகள் நிற்கும், அதில் உண்மையான ஆபத்து நான்கோ ஐந்தோதான். மீதி எல்லாம் ஆரோக்கியமான குதிரைகள்.

பந்தய உலகில் சந்தேகப் பட்டியலில் வருவதற்கு விலை உண்டு. விற்பனை நின்றுபோகும், காப்பீடு கிடைக்காது. ஓடாத குதிரையின் கதி பல இடங்களில் நல்லதாக முடிவதில்லை. அதனால் எல்லோருக்கும் எல்லாப் பரிசோதனையும் என்பது இரக்கமான திட்டம்போலத் தெரிந்தாலும், இன்றைய கருவிகளை வைத்துக்கொண்டு நான் அதற்கு ஓட்டுப் போட மாட்டேன். திறன் குறைந்த குதிரை, பலமான முணுமுணுப்பு உள்ள குதிரை, ஒருமுறை தள்ளாடி விழுந்த குதிரை, விலைபேசும் நிலையில் உள்ள குதிரை என்று தேர்ந்தெடுத்துச் செய்வதுதான் இன்றைய நடைமுறை.

இன்னொரு எல்லையும் இருக்கிறது. பந்தயத்தின்போதோ பயிற்சியின்போதோ திடீரென இறந்த 268 குதிரைகளின் உடற்கூறாய்வு முடிவுகளைப் பல நாடுகளிலிருந்து திரட்டிய ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. காரணத்தை உறுதியாகச் சொல்ல முடிந்தது 53 சதவீத மரணங்களில்தான். மகாதமனி கிழிந்தால் கத்தி வைத்ததும் தெரியும். துடிப்புக் கோளாறு என்பது மின்சார விவகாரம், மின்சாரம் நின்ற பிறகு கம்பியைப் பார்த்து என்ன நடந்தது என்று எப்படிச் சொல்வது? 2021இல் அமெரிக்காவில் பயிற்சி ஓட்டத்துக்குப் பின் இறந்த மெடினா ஸ்பிரிட் குதிரைக்கு விரிவான ஆய்வுகள் நடந்தும் திட்டவட்டமான காரணம் கிடைக்கவில்லை.

பெரிய இதயம் இருந்தால் ஜெயிக்குமா?

குதிரை வாங்குகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற ஃபார் லாப் 1932இல் இறந்தபோது அதன் இதயம் 6.2 கிலோ. கான்பெராவில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம். 1989இல் இறந்த அமெரிக்கக் குதிரை செக்ரடேரியட்டின் இதயம் 10 கிலோ என்று எல்லா இடத்திலும் எழுதுவார்கள். அதை யாரும் தராசில் வைக்கவில்லை. உடற்கூறாய்வு செய்த மருத்துவரின் கண்மதிப்பு அது. இணையத்தில் சுற்றும் பல எண்களின் பூர்வீகம் இப்படித்தான்.

1960களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜேம்ஸ் ஸ்டீல் இசிஜி அலையின் அகலத்தை அளந்து 'ஹார்ட் ஸ்கோர்' என்று மதிப்பெண் போட்டார். அகலம் கூடினால் இதயம் பெரிது, இதயம் பெரிதென்றால் வெற்றி என்பது கணக்கு. குதிரைச் சந்தையில் அது பரவவும் செய்தது. பிறகுதான் பலவீனம் தெரிந்தது. குதிரையின் கீழறைச் சுவருக்குள் மின்கடத்தும் இழைகள் ஆழமாக ஊடுருவியிருப்பதால் தசை முழுதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தூண்டப்படுகிறது, பல திசை மின்னோட்டங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. தோலுக்கு மேல் எடுக்கும் இசிஜி இதயத்தின் அளவைப் பற்றிச் சொல்வது சொற்பம். எக்கோவில் அளந்த இதயத்தின் பருமனுக்கும் ஆக்சிஜன் எடுக்கும் திறனுக்கும் தொடர்பு இருப்பது உண்மை. ஆனால் நுரையீரல், கால், மனது இவையும் சேர்ந்துதான் பந்தயம்.

இதைவிடப் பயனுள்ள எண் ஒன்று உண்டு. இதயம் நிமிடத்துக்கு 200 முறை துடிக்கும்போது குதிரை என்ன வேகத்தில் ஓடுகிறது என்பது. அதே குதிரையின் போன மாத எண்ணோடு ஒப்பிட்டால் உடற்தகுதி ஏறுகிறதா, இறங்குகிறதா என்று தெரியும். நீண்டதூரப் போட்டிகளில் இன்னும் நேரடியான விதி இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் குறித்த நேரத்துக்குள் துடிப்பு பொதுவாக 64க்கு இறங்கணும், இறங்காத குதிரை அடுத்த கட்டத்துக்குப் போகாது. துடிப்பை எண்ணி, 40 மீட்டர் ஓட்டி, திருப்பி ஓட்டி வந்து, ஒரு நிமிடத்தில் மறுபடி எண்ணும் சோதனையும் உண்டு. இரண்டாவது எண் கூடுதலாக இருந்தால் குதிரை களைத்துவிட்டது அல்லது எங்கோ வலி என்று பொருள்.

தீவனமும் அரளியும்

இதயக் கோளாறு எல்லாமே பிறவியிலோ பயிற்சியிலோ வருவதில்லை. கோழித் தீவனத்தில் சேர்க்கும் மொனென்சின் என்ற மருந்து கோழிக்குப் பாதுகாப்பானது, குதிரைக்கு மிகச் சிறிய அளவே எமன். அது இதயத் தசையையே அழிக்கும். பிழைத்த குதிரைகூடப் பல மாதம் கழித்து ஓட்டத்தின் நடுவே விழலாம். ஒரே ஆலையில் கோழிக்கும் குதிரைக்கும் தீவனம் அரைப்பது அதனால்தான் ஆபத்து. இன்னொன்று நமக்கு நன்றாகத் தெரிந்த அரளி. நெடுஞ்சாலை நடுவில் அழகுக்கு வைக்கும் அதே செடி. ஒரு கைப்பிடி இலை குதிரையின் இதயத் துடிப்பைக் கலைத்துக் கொன்றுவிடும். லாயத்தைச் சுற்றி வேலியாக அதை வைக்கவே கூடாது.

மேலே இருப்பவருக்கு யார் சொல்வது?

இதுவரை குதிரையைப் பற்றிப் பேசினோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அரை டன் உடம்பு சரியும்போது அதன் மேல் ஒரு மனிதர் இருக்கிறார். அமெரிக்க, ஐரோப்பிய கால்நடை மருத்துவ நிபுணர் அமைப்புகள் 2014இல் கூட்டாக வெளியிட்ட பரிந்துரையில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். சில கோளாறுகள் உள்ள குதிரையில் ஏறலாம், ஆனால் விவரம் தெரிவிக்கப்பட்ட, வயதுவந்த ஒருவர் மட்டுமே ஏறணும் என்கிறது அது. குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் பயிற்சிப் பள்ளிக்கு அந்தக் குதிரை போகக் கூடாது என்பது இதிலிருந்து தானாக வரும் முடிவு. ஓடும்போது கீழறைத் துடிப்பு மோசமாகக் கலையும் குதிரை என்றால் யாருமே ஏறக் கூடாது.

இந்தியாவில் இது சின்ன வட்டத்தின் பிரச்னையாகத் தோன்றலாம். 2023இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் குதிரைநடைப் பிரிவில் இந்திய அணி தங்கம் வென்றது, 41 ஆண்டுகளில் குதிரையேற்றத்தில் கிடைத்த முதல் தங்கம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு அனுஷ் அகர்வாலா போனார். அவர்கள் நிலைக்கு ஐரோப்பிய மருத்துவ வசதி கிடைக்கும். ஆனால் மும்பையிலும் பெங்களூரிலும் ஹைதராபாதிலும் கொல்கத்தாவிலும் தினமும் விடியற்காலையில் குதிரைகளை ஓட்டும் பயிற்சி ஓட்டிகளுக்குக் குதிரையின் மருத்துவ அறிக்கை காட்டப்படுகிறதா என்பது வேறு கேள்வி. ரிப்போர்ட் உரிமையாளரின் சொத்து, விழுந்தால் உடையும் எலும்பு ஓட்டியுடையது. வார இறுதியில் காசு கட்டிக் குதிரையேற்றம் கற்கும் நகரத்து இளைஞர்களும் இதே இடத்தில்தான் இருக்கிறார்கள். நீங்கள் அதில் ஒருவர் என்றால், உங்களுக்குத் தரும் குதிரையின் வயது என்ன, கடைசியாக மருத்துவர் எப்போது நெஞ்சைக் கேட்டார், முணுமுணுப்பு எதுவும் சொன்னாரா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

லாயத்தில் முதல் மருத்துவக் கருவி சைஸின் விரல்தான். தாடை எலும்பின் உள்ளோரத்தில் கயிறுபோல ஓடும் ரத்தக்குழாயை எலும்போடு சேர்த்து மெல்ல அழுத்தினால் நாடி கிடைக்கும். காலையில் தீவனத்துக்கு முன், குதிரை அமைதியாக நிற்கும்போது 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்கி ஒரு நோட்டில் எழுத வேண்டும். 36 என்று வழக்கமாக வரும் குதிரைக்கு ஒருநாள் 50 வந்தாலோ, எண்ணும்போதே தாளம் பிடிபடாமல் போனாலோ அன்று அதை ஓட்டாமல் மருத்துவரைக் கூப்பிடணும்.